பச்சை பிடித்த ஊருணி

ராமநாதபுரம் சீமையில் தண்ணீரை முதலில் நாக்குதான் சோதிக்கும். ஒரு மடக்கு வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு "நல்ல தண்ணி" என்றோ "உவர்ப்பு" என்றோ "வாயில வைக்க முடியல" என்றோ சொல்லிவிடுவார்கள். தோண்டிய இடத்தில் பெரும்பாலும் உப்பு ஊறுகிற மண்ணில் வாழ்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி இல்லை. நான் குடிநீர்ப் பரிசோதனையில் இருந்த காலமெல்லாம் எங்கள் களப் பரிசோதனைப் பெட்டியும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்டது. குளோரைடு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு, புளோரைடு, நைட்ரேட், இரும்பு எவ்வளவு? மழைத் தண்ணீர் தேங்கும் ஊருணி இவை எல்லாவற்றிலும் சுலபமாகத் தேறிவிடும். சித்திரை, வைகாசியில் அதே ஊருணி பச்சை பிடிக்கும்போது அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல அந்தப் பெட்டியில் ஒரு குப்பியும் கிடையாது.

காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்த பிறகும் ஊருணிகளை மக்கள் விட்டுவிடவில்லை. குழாய் வராத நாளில் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டி அங்கேதான் போகிறது. அதனால் அந்தப் பச்சையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதி வைப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால் வழியாக வரும் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருக்கும். குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசி, கலங்கலை அடியில் உட்கார வைத்துத் தெளிவை மொள்ளுவார்கள். தை, மாசியில் ஊருணி தானாகவே தெளிந்து கிடக்கும். பங்குனிக்குப் பிறகு வெயில் ஏற ஏற, தண்ணீர் வற்ற வற்ற, மழையோடு வந்த சாணமும் ஆட்டுப் புழுக்கையும் சோப்பு நுரையும் வயல் உரமும் விட்டுச்சென்ற பாஸ்பரஸ் குறைந்த தண்ணீரில் செறிவாகிறது. காற்று அடங்கி, தண்ணீர் சூடாகி, அசையாமல் நிற்கும் சில நாட்கள் கிடைத்தால் போதும். சயனோபாக்டீரியா பெருகிவிடும்.

வேளாண்மை அலுவலர்கள் இதை நீலப்பச்சைப் பாசி என்பார்கள். உண்மையில் இது பாசி இல்லை, பாக்டீரியா. செல்லுக்குள் உட்கரு கிடையாது. ஆனால் செடிகொடிகளைப் போலவே பச்சையம் வைத்துக்கொண்டு வெயிலில் உணவு தயாரிக்கும். கூடவே பைக்கோசயனின் என்ற நீல நிறமி உண்டு. கரையில் ஒதுங்கிய படலம் செத்துக் காயும்போது அந்த நீலம் கசிந்து, மண்ணிலும் படிக்கல்லிலும் வெளிறிய நீலத் திட்டாகப் படியும். படிக்கட்டில் அந்த நீலத்தைப் பார்த்தால் எனக்கு வேறு அடையாளம் தேவைப்படாது.

மற்றவர்களுக்கு இரண்டு சோதனைகளைச் சொல்லிக்கொடுப்பேன். ஒரு நீளக் குச்சியைத் தண்ணீருக்குள் விட்டு மெதுவாகத் தூக்க வேண்டும். குச்சியில் நூல் நூலாகத் தொங்கினால் அது பச்சைப் பாசி, பயம் இல்லை. பெயின்டில் முக்கி எடுத்தது மாதிரி குச்சி முழுக்கப் பச்சை ஒட்டிக்கொண்டு வந்தால் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு மொண்டு ஓர் இரவு ஆட்டாமல் நிழலில் வைப்பது. காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் பாசி. மேலே வளையமாக மிதந்தால் சயனோபாக்டீரியா.

அது மிதப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊருணிகளில் நான் அதிகம் பார்த்த மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகையை நுண்ணோக்கியில் வைத்தால், ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கே இருக்கும் உருண்டைச் செல்கள் வழுவழுப்பான கூழுக்குள் கூட்டமாக அடைந்து கிடக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதச் சுவர் கொண்ட நுண்ணிய வாயுக் குழல்கள். அவைதான் செல்லை மேலே தூக்குகின்றன. பகலில் வெயிலில் சர்க்கரையைச் சேர்த்துக் கனத்து, கீழே இறங்கும். இரவில் அந்தச் சர்க்கரையைச் செலவழித்து இலேசாகி மேலே வரும். காற்றில்லாத விடியற்காலையில் ஊருணியின் மேல்மட்டம்தான் அதன் இருப்பிடம். எங்கள் ஊர்ப் பெண்கள் குடத்தோடு படியிறங்குவதும் அதே விடியற்காலையில்தான். மேலாகக் கையால் விலக்கிவிட்டு மொள்ளுவார்கள். பதினொரு மணிக்கு மாதிரி எடுக்கப் போகிறவருக்கு இந்த விஷயம் பிடிபடவே படாது.

முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இதைக் காட்டுவதற்கு ஒரு பழைய சோதனையைச் செய்தேன். ஜெர்மானியத் தாவரவியலாளர் கிளேபான் 1895ல் செய்தது. கெட்டியான கண்ணாடிப் பாட்டிலில் ஊருணித் தண்ணீரைக் காற்றுக்கு இடமே இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, தக்கை வைத்து, பாட்டிலைச் சாக்கில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தக்கைமேல் சுத்தியலால் ஒரே அடி. அந்த அழுத்தத்தில் வாயுக் குழல்கள் நசுங்கிவிடும். நசுங்கியது மறுபடி உப்பாது. அடிபட்ட பாட்டிலில் தண்ணீரின் பால் பச்சை சட்டென்று தெளிந்து நிறம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் தூசு தூசாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. பக்கத்தில் அடிக்காமல் வைத்த பாட்டிலில் பச்சை மேலேயே நின்றது. சுற்றி நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தண்ணீரில் மிதந்தது அழுக்கு இல்லை, உயிர் என்பதை அன்றைக்கு அந்த ஊரில் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஊரில்தான் ஊராட்சித் தலைவர் கோணிப்பையைத் திறந்து காட்டினார். "மயில்துத்தம் வாங்கி வச்சாச்சு சார். நாளைக் காலையில தூவிட்டா ரெண்டே நாள்ல தெளிஞ்சிரும்."

அவர் சொன்னது பொய்யில்லை. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், பாசியையும் சயனோபாக்டீரியாவையும் கொல்லும். உலகம் முழுக்கப் பல காலமாக அணைகளிலும் ஏரிகளிலும் போட்டிருக்கிறார்கள். ஆனால் "தலைவரே, நாளைக்குத் தூவுனா நாளைக்கே குடத்தையும் நிறுத்தணும்" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. மருந்து போட்டபிறகு தண்ணீர் சுத்தமாகத்தானே ஆகும் என்றார்.

அவருக்கு ஆஸ்திரேலியாவின் பாம் தீவைப் பற்றிச் சொன்னேன். குவின்ஸ்லாந்து கரைக்கு அப்பால் உள்ள, பூர்வகுடி மக்கள் வாழும் தீவு. குடிநீர் சாலமன் அணையிலிருந்து வந்தது. 1979ல் தண்ணீரில் வாடையும் ருசிக்கேடும் என்று மக்கள் சொன்னதால் அணையில் காப்பர் சல்பேட் போட்டார்கள். சில நாட்களில் குழந்தைகளுக்கு வாந்தி, கல்லீரல் வீக்கம், சிறுநீரகக் கோளாறு. மொத்தம் 148 பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. அதில் பத்துப் பேர் தவிர எல்லோரும் குழந்தைகள். என்ன நோய் என்றே முதலில் தெரியாமல் அதற்கு மர்ம நோய் என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடுதான் அணையில் இருந்த சயனோபாக்டீரியா ஒன்றிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்று அதற்குப் பெயர். செல்லை மருந்து உடைக்கிறது. உடைந்த செல்லிலிருந்து நஞ்சு தண்ணீரில் கரைகிறது. படலமாக மிதந்தவரை கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து, தெளிந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

என் தொழிலில் நான் கற்றதில் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது இதைத்தான். கொல்வதற்கு முன்னால் குடிப்பதை நிறுத்துங்கள்.

மைக்ரோசிஸ்டிஸ் செய்யும் நஞ்சு வேறு. மைக்ரோசிஸ்டின் என்று பெயர். ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு. பித்த அமிலங்களைக் கல்லீரல் செல்லுக்குள் கொண்டுபோகும் அதே வாசல் வழியாக இதுவும் உள்ளே போகிறது. அங்கே செல்லின் சட்டகத்தைக் கட்டிக்காக்கும் நொதிகளை முடக்குகிறது. செல்கள் உருக்குலைந்து கல்லீரலுக்குள் ரத்தம் கசிகிறது. உலக சுகாதார நிறுவனம் 1998ல் மைக்ரோசிஸ்டின் எல்.ஆர். வகைக்கு, வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று அளவு வைத்தது. 2020ல் குறுகிய காலத்துக்கு மட்டும் 12 வரை என்று இன்னொரு அளவும் கொடுத்தது. அனபீனா போன்ற சில இனங்கள் நரம்பைத் தாக்கும் நஞ்சும் செய்யும். அதற்குக் கல்லீரல் நஞ்சைப்போல நேரம் எடுப்பதில்லை.

எல்லாப் பச்சையும் நஞ்சில்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல். ஒரே மைக்ரோசிஸ்டிஸ் இனத்தில் நஞ்சு செய்யும் வகையும் உண்டு, செய்யாத வகையும் உண்டு. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேசிகாச்சாரியின் 1959ஆம் ஆண்டு 'சயனோபைட்டா' நூலின் கோட்டுப் படங்களை வைத்துக்கொண்டு இனத்தைச் சொல்லிவிடலாம். நஞ்சு உண்டா என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும். அதற்கான மாதிரியை இருட்டான பாட்டிலில், பனிக்கட்டியில் வைத்து, வெயில் படாமல் ஊருக்கு வெளியே அனுப்பி முடிவு வருவதற்குள் ஊர் எத்தனையோ குடம் குடித்திருக்கும். ஆகவே நான் ஒவ்வொரு படலத்தையும் நஞ்சாகவே வைத்துப் பேசுவேன். மக்களைப் பயமுறுத்துகிறேன் என்று என்னைச் சிலர் குறைசொன்னார்கள். இந்த விஷயத்தில் பயம் நல்லது என்பதுதான் என் எண்ணம்.

முதுகுளத்தூர் பக்கத்து அந்த ஊரில் ஓர் அப்பத்தா கேட்டார்: "ஏந் தம்பி, காச்சிக் குடிச்சா சரியாப் போயிராதா?"

எந்த ஊரிலும் இந்தக் கேள்வி வரும். மஞ்சள்காமாலைக்கும் காலராவுக்கும் காய்ச்சிக் குடியுங்கள் என்று நாங்களே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். மைக்ரோசிஸ்டின் கொதிக்கிற தண்ணீரில் அழியாது. காய்ச்சக் காய்ச்சச் செல் உடைந்து உள்ளே இருப்பதும் வெளியே வரும், தண்ணீர் வற்றினால் செறிவும் கூடும். "இல்ல அப்பத்தா, இதுக்குக் காச்சுறது உதவாது. பச்ச போறவரைக்கும் இந்தத் தண்ணிய வாயில வைக்காதீங்க" என்றேன். துணியில் வடிகட்டினாலும், தேற்றாங்கொட்டை உரசினாலும் முழுசாக இருக்கும் கூட்டங்கள் பெருமளவு நீங்கும். ஏற்கெனவே கரைந்த நஞ்சு அப்படியே கடந்துவிடும்.

பிளீச்சிங் பவுடர் அடுத்த நம்பிக்கை. குளோரின் மைக்ரோசிஸ்டினை உடைக்கும் என்பது உண்மை. அதற்குத் தண்ணீரின் பி.எச். 8க்குக் கீழே இருக்க வேண்டும், அரைமணி நேரமாவது குளோரின் மிச்சம் நிற்க வேண்டும். பச்சை பிடித்த ஊருணியில் அந்த உயிர்கள் தண்ணீரில் உள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால் மதியத்துக்கு மேல் பி.எச். 9ஐத் தாண்டும். அதில் குளோரின் பலமிழந்து போகும். ஊருணிக்குள்ளேயே பவுடரைக் கொட்டினால் மயில்துத்தம் செய்வதையேதான் அதுவும் செய்யும். வடிகட்டிய பிறகு தொட்டியில் போடுவதுதான் முறை.

1996ல் பிரேசிலின் கருவாரு நகரில் நடந்ததை டேங்கர் லாரித் தண்ணீரை நம்பி இருக்கும் நம் மாவட்டம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே வறட்சி. ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு நீர்த்தேக்கத்திலிருந்து லாரியில் தண்ணீர் போனது. சரியாகச் சுத்திகரிக்கப்படவில்லை. டயாலிசிஸில் தண்ணீர் குடலைத் தாண்டி நேராக ரத்தத்தோடு உறவாடுகிறது. நோயாளிகளில் 100 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 52 பேரின் சாவுக்குச் சயனோபாக்டீரியா நஞ்சே காரணம் என்று முடிவானது. லாரி எங்கே நிரப்பப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

கால்நடைகளின் சாவுதான் இதில் முதலில் பதிவானது. 1878ல் ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரிப் படலத்தைக் குடித்து ஆடுமாடுகள் செத்ததை 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆடு மேய்க்கும் நம் பக்கத்துக் கீதாரிகளுக்கு இதழ் வேண்டியிருக்கவில்லை. கிடை போட வந்த ஒரு கீதாரி என்னிடம் சொன்னார்: "கச்சான் அடிக்கையில கெழக்குக் கரையில ஆட்டத் தண்ணிக்கு விடமாட்டோம் சார். பச்சையெல்லாம் அங்கதான் ஒதுங்கும்." மேல்காற்று படலத்தைக் கீழ்க்கரைக்குத் தள்ளிக் குவிக்கும். நடுவில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவு அந்த ஓரத்தில் சேரும். குடிநீர்ப் படித்துறை அந்தப் பக்கம் அமைந்த ஊருணிகள் எத்தனையோ. கட்டும்போது காற்றை யாரும் கேட்பதில்லை.

பாம்பன், மண்டபம் பக்கம் போனால் பேச்சு கடலுக்குப் போய்விடும். "பூங்கோரை வந்து மீனெல்லாம் செத்துச்சே, அதுவும் இதுவும் ஒண்ணா?" என்பார்கள். 2019 செப்டம்பரில் மண்டபம், குந்துகால் ஓரம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதை அங்கே யாரும் மறக்கவில்லை. 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் அப்படி வந்தது. அது நாக்டிலூகா, வேறு இனம். பெருகி அழுகும்போது கடல் நீரின் ஆக்சிஜனை வற்றடித்து மீன்களை மூச்சுமுட்ட வைத்தது. சயனோபாக்டீரியாவும் இந்தக் கடலுக்குப் புதிதில்லை. டிரைக்கோடெஸ்மியம் என்ற கடல்வகை பாம்பன் பகுதியில் பெருகியதையும், அங்குள்ள உயிரினங்களை அது பாதித்ததையும் சிதம்பரம், உன்னி இருவரும் 1944லேயே 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார்கள். கடலில் வருவதைக் காற்றும் நீரோட்டமும் கொண்டுபோய்விடும். ஊருணிக்கு அந்த வசதி இல்லை. வந்தது அங்கேயே வாழ்ந்து, அங்கேயே செத்து, சேற்றில் தங்கி, அடுத்த கோடையில் அங்கிருந்தே எழும்பும்.

திருவாடானை பக்கத்து விவசாயி ஒருவர் என்னை மடக்கினார். "நெல்லுக்கு நல்லதுன்னு நீலப்பச்சைப் பாசிய வயல்ல தூவச் சொல்றீங்க, ஊருணியில வந்தா வெசங்கிறீங்க." நியாயமான கேள்வி. நெல் வயலின் வளத்துக்கு இந்த உயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவது காரணம் என்று பி.கே.டே 1939ல் காட்டினார். அனபீனா, நாஸ்டாக், டோலிபோத்ரிக்ஸ் எல்லாம் அந்த வேலையைச் செய்யும். மைக்ரோசிஸ்டிஸால் முடியாது. ஆனால் அந்த விவசாயியின் கேள்விக்குள் கட்டுப்பாட்டுக்கான விடையும் இருந்தது. நைட்ரஜனைத் தடுத்துப் பிரயோசனமில்லை, காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும் இனங்கள் உண்டு. பாஸ்பரஸைக் காற்றிலிருந்து பிடிக்க முடியாது. அது வரத்துக்கால் வழியாக வர வேண்டும், அல்லது சேற்றிலிருந்து எழ வேண்டும். அந்த இரண்டு வழிகளையும் அடைப்பதுதான் வேலை.

முதுகுளத்தூர் பக்கத்து ஊருக்கு வருகிறேன். மயில்துத்தப் பை கட்டியே கிடந்தது. படித்துறையில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார்கள். வேறு ஊரிலிருந்து லாரித் தண்ணீர் வந்தது, எங்கே நிரப்பியது என்று தலைவரே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆடி மாதம் ஊருணி வற்றித் தரை தெரிந்தபோது என்னை மறுபடி கூப்பிட்டார்கள்.

வரத்துக்காலில் நடந்து பார்த்தோம். மேலே ஒரு வளைவில் ஆட்டுக்கிடை போடும் மேடு. அதற்குக் கீழே துணி துவைக்கும் கல். இரண்டின் கழிவும் முதல் மழையில் நேராக ஊருணிக்குள். கிடையைக் கால்வாயின் மறுபுறம் போட ஒத்துக்கொண்டார்கள். துவைகல்லைப் பெயர்த்துக் கலுங்குக்குக் கீழே கொண்டுபோனார்கள். முதல் மழைத் தண்ணீரை உள்ளே விடாமல் திருப்பிவிட மண்ணால் ஒரு தடுப்பும் போட்டார்கள். ஊருணியில் விட்டிருந்த ஜிலேபிக் கெண்டைக் குஞ்சை அடுத்த ஆண்டு விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அது அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். ஊருணியை ஒட்டிய வடிகட்டிக் கிணற்றின் மணலை வெளியே எடுத்து அலசிப் போட்டார்கள். மெதுவாக ஊறி இறங்கும் மணலின் மேல்தோலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் நஞ்சையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஊருணியில் நேராக மொள்ளுவதைவிட அந்தக் கிணற்றின் கைப்பம்பு எவ்வளவோ மேல்.

கடைசியாகச் சேறு. தூர் வாருவதென்றால் பொக்லைன் இயந்திரத்தை இறக்கி நடுவில் ஆழமாக ஒரு குழி வெட்டி, மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதை எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன். குவித்தது முதல் மழையில் கரைந்து உள்ளேயே வரும். வார வேண்டியது ஊருணித் தரை முழுக்கப் படிந்த மேல் அடுக்கு மட்டும்தான். கறுப்பாக, அழுகல் வாடையோடு இருக்கும். பாஸ்பரஸ் இரும்போடு பிணைந்து அதில் தங்கியிருக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு அதை விட்டுவிடும். உறங்கும் மைக்ரோசிஸ்டிஸ் கூட்டங்களும் அங்கேதான். ஆழமாகத் தோண்டி அடியிலுள்ள களியை உடைத்தால் உப்பு ஊற்றுக் கண் திறக்கும் ஆபத்தும் நம் பகுதியில் உண்டு.

அந்த ஊரில் மண்வெட்டியோடு நின்றவர்களிடம் கறுப்பு தீர்ந்து சாம்பல் நிறக் களி தெரிந்ததும் நிறுத்தச் சொன்னேன். சில இடத்தில் ஒரு சாணில் தெரிந்தது, படித்துறை ஓரம் ஒரு முழம் போனது. மிளகாய் போடுகிறவர்கள் டிராக்டரோடு வந்து நின்றார்கள். முண்டு மிளகாய்க்கு ஊருணி வண்டல் நல்ல உரம் என்பது அவர்கள் பாட்டன் காலத்துக் கணக்கு. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: வரத்துக்காலுக்கு மேல்புறம் உள்ள நிலத்தில் கொட்டக்கூடாது. தலைவர் நோட்டுப் புத்தகத்தில் சர்வே எண்ணைப் பார்த்துப் பார்த்து நடை சீட்டு எழுதினார்.